நர்சுகள் தாமாகக் கற்பதற்குத் தமிழில் என்ன சொல்?

எழுதியவர்: நர்சிங் பயிற்றுநர், கொழிஞ்சாம்பாறை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஒரு சொல் வேண்டும். தலைபோகிற அவசரம் இல்லை, ஆனால் மாதக் கடைசிக்குள் கிடைத்தால் நல்லது.

பாலக்காட்டு எல்லையில் வேலை பார்க்கும் தமிழ் நர்சுகளுக்காக ஒரு சின்னக் கையேடும், அதோடு சேர்த்து ஒரு கேள்வித்தாளும் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். வேலந்தாவளம், எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கத்துப் பிள்ளைகளைப் பற்றி உங்களுக்கே தெரியும். பள்ளிக்கூடம் தமிழ் மீடியம். நர்சிங் படிப்பு ஆங்கிலத்தில். டியூட்டி மாறும்போது ரிப்போர்ட் மலையாளத்தில். நோயாளியிடம் திரும்பினால் மறுபடியும் தமிழ். தாங்கள் எப்படிக் கற்கிறோம் என்று யோசித்துப் பார்க்கவாவது தாய்மொழியில் ஒரு தாள் இருக்கட்டுமே என்று ஆரம்பித்தேன். தலைப்பிலேயே மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

ஆங்கிலத்தில் 'செல்ஃப் டைரக்டட் லேர்னிங்' என்கிறார்கள். பெரியவர்கள் கற்கும் முறையை ஆராய்ந்த அமெரிக்கக் கல்வியாளர் மால்கம் நோல்ஸ் 1975-இல் கொடுத்த விளக்கத்தைத்தான் எங்கள் பாடப்புத்தகங்கள் திருப்பித் திருப்பிச் சொல்கின்றன. கற்கிறவரே முன்கை எடுக்கிறார். பிறர் துணை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். தனக்கு எது தெரியவில்லை என்று கண்டுபிடிப்பது, எதுவரை கற்க வேண்டும் என்று இலக்கு வைப்பது, அதற்கு உதவும் ஆட்களையும் பொருள்களையும் தேடுவது, ஏற்ற முறையைத் தேர்ந்து கற்பது, கற்றுவிட்டோமா என்று மதிப்பிடுவது எல்லாம் அவர் பொறுப்பு.

கேள்வித்தாளுக்கு அடிப்படை, ஆஸ்திரேலியாவில் ஃபிஷர், கிங், டேக் மூவரும் நர்சிங் மாணவர்களுக்காக 2001-இல் வெளியிட்ட அளவுகோல். 40 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. கூட்டுத்தொகை 150-ஐத் தாண்டினால் இப்படிக் கற்க அந்த ஆள் தயார் என்று கொள்கிறார்கள். ஆகவே 'ரெடினஸ்' என்பதற்கும் ஒரு சொல் தேவைப்படுகிறது.

இங்கே மலையாளத்தில் 'ஸ்வயம் படனம்' என்று முடித்துவிடுகிறார்கள். நாமும் 'சுயபடிப்பு' என்று எழுதிவிட்டுப் போகலாம்தான். எனக்கு மனசு ஒப்பவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

*

எழுதியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சித்தூர்

அன்பு மகளுக்கு,

மனசு ஒப்பாதது சரிதான். 'சுய' நமக்கு எதற்கு? 'தன்' இருக்கிறதே. தன் என்பதை அடுத்து வல்லினம் வந்தால் ன் றகரமாகத் திரியும்: தற்காப்பு, தற்பெருமை, தற்சார்பு. அதே வரிசையில் 'தற்கற்றல்' என்று வைத்துக்கொள்ளுங்கள். தற்கற்றல் இலக்கணமும் சுருக்கமும் பொருந்திய சொல்.

'கல்வி' என்று முடிக்காதீர்கள். தொடர்கல்வி, தொலைநிலைக் கல்வி என்று ஒரு நிறுவனம் கொடுப்பதற்கே அந்தச் சொல் பழகிவிட்டது. ஆள் செய்கிற செயலுக்குக் 'கற்றல்' போதும்.

மலையாளிகள் எழுத்துக்கே தந்தை என்று கொண்டாடும் எழுத்தச்சனின் குருமடத்துக்குப் பக்கத்துத் தெருவில் உட்கார்ந்துகொண்டு தமிழ்ச் சொல் தேடுகிறேன். சோகநாசினி இரண்டு மொழியும் கேட்டுப் பழகிய ஆறு, கோபித்துக்கொள்ளாது.

*

எழுதியவர்: வார்டு நர்ஸ், கோபாலபுரம் பக்கம்

ஐயாவுக்கும் அக்காவுக்கும் வணக்கம். இந்தக் குழுவில் நான் வாசிக்க மட்டும்தான் செய்வேன். இந்தத் தடவை விஷயம் என் பிழைப்பைப் பற்றியது என்பதால் எழுதுகிறேன்.

தற்கற்றல் என்றதும் எனக்கு ஒரு ஆள் மூலையில் தனியாக உட்கார்ந்து படிப்பதுதான் கண்ணில் தெரிகிறது. வார்டில் யாரும் அப்படிக் கற்பதில்லை ஐயா. என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்க வேண்டாம்.

எங்களுக்குப் பாம்புக் கடி அடிக்கடி வரும். வயல்காடும் தென்னந்தோப்பும் உள்ள ஊர். நோயாளி 'கண்ணாடி விரியன்' என்பார், அதையே ரிப்போர்ட்டில் 'அணலி' என்று சொல்ல வேண்டும். கட்டுவிரியன் இங்கே வெள்ளிக்கெட்டன். நாகப்பாம்பு மூர்க்கன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்தப் பட்டியலை அட்டெண்டர் சேச்சி ஒருவரிடம் கேட்டு டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். எந்த வகுப்பிலும் இது கிடையாது.

கண்ணாடி விரியன் கடித்திருந்தால் ரத்தம் உறைகிறதா என்று பார்க்க ஒரு 20 நிமிட டெஸ்ட் உண்டு. நரம்பிலிருந்து 2 மி.லி. ரத்தம் எடுத்து, சுத்தமான காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, தொடாமல் 20 நிமிடம் வைத்து, பிறகு ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் மாதிரி ஓடினால் விஷம் ரத்தத்தில் வேலை செய்கிறது என்று அர்த்தம். டாக்டர் விஷமுறிவு மருந்தை ஆரம்பிப்பார்.

ஒரு சமயம் எங்கள் வார்டில் இந்த டெஸ்ட் ஒத்தே வரவில்லை. கடிவாயில் வீக்கம் இல்லை, ஈறில் ரத்தம் இல்லை, ஆள் நன்றாகப் பேசிக்கொண்டிருக்கிறார், ஆனால் குழாயில் ரத்தம் உறையாமல் ஓடுகிறது. லேபில் தனியாகப் பார்த்தால் எல்லாம் நார்மல். மறுபடியும் இன்னொருவருக்கு இதே மாதிரி. எனக்குச் சந்தேகம் குழாய்மேல் விழுந்தது. ஸ்டோரில் கண்ணாடிக் குழாய் தீர்ந்துபோய் பிளாஸ்டிக் குழாயை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தோம்.

வீட்டுக்குப் போய் போனில் தேடினேன். உலக சுகாதார நிறுவனம் தென்கிழக்கு ஆசியாவுக்காக 2016-இல் வெளியிட்ட பாம்புக்கடி வழிகாட்டியில் பச்சையாகவே எழுதியிருக்கிறது. கண்ணாடியின் மேற்பரப்புதான் உறைதலைத் தூண்டிவிடுகிறது. பிளாஸ்டிக் தூண்டாது. சோப்புப் போட்டுக் கழுவிய கண்ணாடியும் தூண்டாமல் போகலாம். சந்தேகம் வந்தால் நல்ல ஆள் ஒருவரின் ரத்தத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்கிறது. மறுநாள் லேப் டெக்னீஷியன் அண்ணனிடம் சொன்னேன். என் ரத்தத்தையே எடுத்தார். கண்ணாடிக் குழாய் ஒன்று, எங்கள் வார்டுக் குழாய் ஒன்று. 20 நிமிடம் கழித்துச் சாய்த்தால் கண்ணாடியில் கட்டியாக நின்றது, மற்றதில் ஓடியது. டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினோம். அதற்குப் பிறகுதான் இன்சார்ஜ் சிஸ்டர் கண்ணாடிக் குழாய்க்கு இண்டெண்ட் போட்டார்.

இதில் நான் தனியாக எங்கே இருந்தேன்? டெக்னீஷியன், டாக்டர், இன்சார்ஜ், போனில் ஒரு வழிகாட்டி, இத்தனையும் இருந்தன. ஆனால் கேள்வி என்னுடையது. யாரிடம் போவது என்று தேர்ந்தெடுத்தது நான். இது போதும், எனக்குப் புரிந்துவிட்டது என்று நிறுத்தியதும் நான்தான். அக்கா கேட்கும் சொல்லில் இது வர வேண்டும்.

*

எழுதியவர்: மென்பொருள் மொழிபெயர்ப்பாளர், வாளையார்

'தன்னியக்கக் கற்றல்' என்று வைக்கலாமே? டைரக்ட் செய்வது என்றால் இயக்குவது. சினிமா டைரக்டர் இயக்குநர்தானே.

தனியாக உட்கார்ந்து படிப்பது என்று வார்டு நர்ஸ் சொன்னதற்கு ஒரு வார்த்தை. 'சுய' என்றால் தனிமை என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. மகளிர் சுயஉதவிக் குழு என்று தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு போர்டு இருக்கிறது. பெயரிலேயே 'சுய'வும் 'குழு'வும் சேர்ந்து உட்கார்ந்திருக்கின்றன. வெளியே யார் வந்து செய்து தருவார்கள் என்று காத்திருக்க மாட்டோம் என்பதுதான் அங்கே சுய. 'தன்' என்று போட்டாலும் அதே பொருளை ஏற்றிவிடலாம். எந்தச் சொல்லும் புழங்கப் புழங்கத்தான் பிடிபடும்.

*

எழுதியவர்: நர்சிங் பயிற்றுநர், கொழிஞ்சாம்பாறை

மூன்று மடல்களையும் பிரிண்ட் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> தற்கற்றல் இலக்கணமும் சுருக்கமும் பொருந்திய சொல்.

இலக்கணத்தில் நான் கை வைக்கப் போவதில்லை ஐயா. ஆனால் இந்தச் சொல்லை இரவு டியூட்டியில் கேரள அரசு வேலைக்கான பி.எஸ்.சி. (பப்ளிக் சர்வீஸ் கமிஷன்) ஸ்டாஃப் நர்ஸ் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளிடம் பொருத்திப் பார்த்தேன். மருந்து ட்ராலிக்குப் பக்கத்தில் ரேங்க் ஃபைல் என்கிற தேர்வு கைடு திறந்திருக்கும். பெல் அடித்தால் எழுந்து போவார்கள், வந்து விட்ட இடத்தில் தொடர்வார்கள். வெளிநாடு போக நினைப்பவர்கள் காதில் ஹெட்போனோடு ஓ.இ.டி. என்ற ஆங்கிலத் தேர்வுக்கு ஆங்கிலம் கேட்டுக்கொண்டிருப்பார்கள். இவர்கள் தனியாகத்தான் படிக்கிறார்கள், யாரும் அடித்து உட்கார வைக்கவில்லை. ஆனால் எதைப் படிக்க வேண்டும் என்று சொல்வது சிலபஸ். போதுமா என்று சொல்வது கட் ஆஃப் மார்க். தற்கற்றல் இவர்களுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. கண்ணாடிக் குழாய்த் தங்கைக்குப் பொருந்தவில்லை. நோல்ஸ் வரிசையாகச் சொல்லும் வேலைகளில் ஒன்று விடாமல் செய்தவர் அந்தத் தங்கைதான்.

எனக்கு 'சுயபடிப்பு' ஏன் ஒப்பவில்லை என்பது இப்போது பிடிபடுகிறது. சுய, தன் இரண்டில் எது என்ற சண்டை எனக்கு முக்கியமில்லை. கூட யார் இருந்தார்கள் என்பதை அந்தச் சொல் பேசுகிறது. யார் முடிவெடுத்தார்கள் என்பதைப் பேசவில்லை. எதைக் கற்பது, எப்படிக் கற்பது, எப்போது போதும் என்று நிறுத்துவது ஆகிய மூன்று முடிவும் யார் கையில் இருக்கிறது என்பதைச் சொல்லும் சொல் வேண்டும். தவிர, சுய என்று ஆரம்பித்தாலே இளம் பிள்ளைகள் 'ஸ்வயமா அக்கா?' என்கிறார்கள். மத்திய அரசு 2017-இல் தொடங்கிய ஆன்லைன் வகுப்புத் தளத்தை நினைத்துக்கொள்கிறார்கள். அது நல்ல தளம்தான், ஆனால் அங்கே இருப்பது வேறொருவர் வரிசைப்படுத்திய பாடம்.

இதைக் கறுப்பு வெள்ளையாகப் பிரிக்கவும் முடியாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஜெரால்ட் குரோ என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1991-இல் நான்கு படிகள் சொன்னார். முதல் படியில் கற்பவர் ஆசிரியரையே முழுக்க நம்பி இருப்பார். அடுத்து ஆர்வம் வரும், அதற்கடுத்து அவரும் பங்கெடுப்பார், நான்காவதில் தானே நடத்திச் செல்வார். ஓ.இ.டி. படிக்கிற பெண்ணுக்கும் வெளிநாடு போக வேண்டும் என்ற முடிவு அவளுடையதுதானே என்று நீங்கள் கேட்டால் என்னால் மறுக்க முடியாது. ஆகவே 'எவ்வளவு?' என்று அளவு சேர்த்துச் சொல்ல வசதியான சொல்லாகவும் இருக்க வேண்டும்.

> தன்னியக்கக் கற்றல் என்று வைக்கலாமே?

தம்பி, உங்கள் துறையில் 'இயந்திரக் கற்றல்' என்று ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கத்திலேயே தன்னியக்கக் கற்றல் என்று வைத்தால் படிப்பது நர்ஸா கம்ப்யூட்டரா என்று சந்தேகம் வரும். தானியங்கிக் கதவு, தானியங்கி பி.பி. மிஷின் வரிசையில் நர்சும் போய் நிற்பார். ஸ்விட்ச் போட்டுவிட்டால் தானாக ஓடும் என்று நிர்வாகம் நினைப்பதற்கு நாமே சொல் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

'கற்றல்' வேண்டாம், 'பயிலல்' என்று போடலாமா என்றும் யோசித்தேன். நர்சின் அறிவு பாதி கையில் இருக்கிறது. மலையாளத்தில் களரிப்பயற்று என்கிறார்களே, அந்தப் பயற்றும் நம் பயிற்றும் ஒரே வேர். ஆனால் பயில் என்றதும் பயிற்சி வந்துவிடுகிறது. ஆஸ்பத்திரியில் பயிற்சி என்றால் பணியிடைப் பயிற்சி, அதாவது சர்க்குலர் வந்து, கையெழுத்துப் போட்டு, புரொஜெக்டர் முன்னால் உட்கார்வது. நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர். கற்றலே இருக்கட்டும்.

என் முன்மொழிவு: தன்முனைவுக் கற்றல். தொழில்முனைவோர் என்கிறோமே, அந்த முனைவு. நோல்ஸின் விளக்கம் தொடங்குவதும் முன்கை எடுப்பதில்தான்.

*

எழுதியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சித்தூர்

மகளே, பி.எஸ்.சி. எடுத்துக்காட்டு என் வாயை அடைத்துவிட்டது. தற்கற்றலை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அந்தத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கே அது இருக்கட்டும், வீணாகப் போக வேண்டாம்.

ஆனால் முனைவில் எனக்கு இரண்டு தடை. ஒன்று, முனைவு என்பது தொடக்கம் மட்டும். நீங்கள் கேட்பது தொடங்கி, நடத்தி, முடித்து, அளந்தும் பார்ப்பது. இரண்டு, 'தன்முனைப்பு' என்று ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. அதற்குப் பொருள் நான் நான் என்கிற அகந்தை. முனைவும் முனைப்பும் ஒரே வேர், ஈறுதான் வேறு. கையேட்டை அச்சுக் கோக்கிறவர் கை தவறினால் உங்கள் நர்சுகள் எல்லோரும் அகந்தை பிடித்தவர்கள் ஆகிவிடுவார்கள்.

டைரக்ட் செய்வது என்பதற்கு நெறிப்படுத்துவது என்று ஆய்வுலகில் வழக்கம் இருக்கிறது. முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டுகிறவர் நெறியாளர். ஆகவே 'தன்னெறிக் கற்றல்'. தன் நெறியைத் தானே வகுத்துக்கொண்டு கற்றல். தன்னை நெறிப்படுத்துகிறவரும் தானே என்பது அதற்குள் வந்துவிடுகிறது. இதைவிடப் பொருத்தமாக எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

*

எழுதியவர்: வார்டு நர்ஸ், கோபாலபுரம் பக்கம்

ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. மடலைப் போனில் திறந்ததும் 'நன்னெறிக் கற்றல்' என்றுதான் படித்தேன். எங்கள் ஹாஸ்டலில் நன்னெறி வகுப்பு என்று ஞாயிற்றுக்கிழமை ஒன்று இருந்தது. எப்படி உடுத்த வேண்டும், எப்படிப் பேச வேண்டும், எத்தனை மணிக்கு உள்ளே வர வேண்டும் என்று சொல்வார்கள். ஒரு எழுத்து வித்தியாசத்தில் அதுவாகத் தெரிகிறது. நர்சுகளுக்கு நெறி சொல்ல ஆள் பஞ்சமே இல்லை, தலைப்பிலும் அது வேண்டாம்.

அக்காவின் முனைவும் எனக்கு ஓடவில்லை. 'நீ முனைவரா?' என்று கேட்டுச் சிரிப்பார்கள்.

நான் கண்ணாடிக் குழாய் விஷயத்தை ஜூனியர் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வேன் என்று யோசித்துப் பார்த்தேன். 'யாரும் சொல்லித்தரல, நம்ம வழில தேடிப் படிச்சது' என்றுதான் சொல்வேன். வழி என்ற சொல் இயல்பாக வாயில் வருகிறது. வழியைத் தேர்ந்தெடுப்பது நாம், வழியில் நாலு பேரைக் கேட்போம், போய்ச் சேர்ந்தோமா என்று நமக்குத் தெரியும். 'தன்வழிக் கற்றல்' என்று வைக்கலாமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'தன்' என்று தொடங்கும் எந்தச் சொல்லையும் பார்த்தால் எனக்கு உள்ளூர ஒரு பயம். 'நீங்களே கற்றுக்கொள்ளுங்கள், செல்ஃப் டைரக்டட் என்று சொல்லியிருக்கிறார்களே' என்று வகுப்பையும் நேரத்தையும் நிறுத்திவிடுவார்கள். பதிவைப் புதுப்பிக்க 5 ஆண்டில் 150 மணி நேரத் தொடர்கல்வி என்று இந்திய நர்சிங் கவுன்சில் கணக்கு வைத்திருக்கிறது. புரொஜெக்டர் முன்னால் உட்கார்ந்து தூங்கினாலும் அதில் ஒரு மணி நேரம் ஏறும். குழாயைப் பற்றி நான் கற்றதற்கு ஒரு நிமிடம்கூட ஏறவில்லை. ஏறாவிட்டால் போகட்டும். ஆனால் 12 மணி நேர இரவு டியூட்டி முடித்துவிட்டு வீட்டில் போய்த் தேடு, உன் காசில் நெட் போடு என்று அதைக் கடமையாக்கிவிட்டால்? கற்கும் வழியை நான் தேர்ந்துகொள்கிறேன். கண்ணாடிக் குழாயை ஸ்டோர்தான் வாங்க வேண்டும். கையேட்டில் இது எங்காவது ஒரு வரி வரட்டும் அக்கா.

*

எழுதியவர்: மென்பொருள் மொழிபெயர்ப்பாளர், வாளையார்

தன்வழியில் ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழ்வழிக் கல்வி, அஞ்சல்வழிக் கல்வி, இணையவழிக் கற்றல். இந்த வரிசையில் வழி என்றால் மீடியம். 'தன்வழி' என்றால் தன்னை மீடியமாக வைத்துக் கற்பது என்று ஆகும். சரியாக வருமா? அதோடு, 'அவன் தன்வழியே போகிறான்' என்றால் சொல் பேச்சுக் கேட்காதவன் என்றும் ஒரு பொருள் உண்டு.

*

எழுதியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சித்தூர்

தம்பி சொன்ன முதல் தடைக்கு விடை எளிது. தமிழ் ஒரு மொழி, அஞ்சல் ஒரு போக்குவரத்து. அவற்றோடு வழி சேர்ந்தால் 'மூலமாக' என்ற பொருள் வரும். 'தன்' என்பது ஆள். ஆளோடு சேர்ந்தால் அவருடைய பாதை என்றுதான் யாரும் கொள்வார்கள். முன்னால் நிற்கும் சொல்தான் வழிக்குப் பொருள் கொடுக்கிறது.

இரண்டாவது தடையை நான் தடையாகவே நினைக்கவில்லை. பிளாஸ்டிக் குழாய் போதும் என்று எல்லோரும் இருந்தபோது அந்தப் பெண் தன்வழியே போனதால்தானே விஷயம் வெளியே வந்தது? சொல் பேச்சுக் கேட்காத தன்மை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தால் இருக்கட்டும்.

'நர்சுகள்' என்று பன்மையில் எழுதும்போது 'தம்வழி' என்று மாற்ற வேண்டுமா என்று யாராவது கேட்பார்கள். வேண்டாம். 'வீரர்களின் தற்காப்பு' என்கிறோம், அங்கே தன் உறைந்துபோன முன்னொட்டு. கலைச்சொல்லாக வரும்போது தன்வழிக் கற்றல், வாக்கியத்தில் வினையோடு வரும்போது 'தம் வழியில் கற்றார்கள்'. க் மிகும், விட்டுவிடாதீர்கள்.

என் ஓட்டு இன்னமும் தன்னெறிக்குத்தான். வார்டில் ஓடாது என்று வார்டில் நிற்கிறவர் சொல்லும்போது நான் பிடிவாதம் பிடிக்க மாட்டேன். கல்லூரிப் பாடநூலுக்கு யாராவது எழுதினால் அங்கே மறுபடியும் வாதாடுவேன்.

*

எழுதியவர்: நர்சிங் பயிற்றுநர், கொழிஞ்சாம்பாறை

சரி, கையேட்டில் தன்வழிக் கற்றல் என்று போடுகிறேன். வேறு வடிவங்களுக்கும் வளைகிறதா என்று பார்த்தேன். தன்வழிக் கற்பவர், தன்வழிக் கற்றல் திட்டம், 'இந்தப் பாடம் எவ்வளவு தன்வழி, எவ்வளவு வகுப்புவழி' என்று அளவாகவும் சொல்ல முடிகிறது. அந்தக் கடைசி ஜோடி தானாகவே அமைந்துவிட்டது. தம்பியின் தடையிலிருந்துதான் கிடைத்தது.

முதல் பக்கத்தில் வரப்போகும் விளக்கம்:

'தன்வழிக் கற்றல்: தன் வேலையில் தனக்குத் தெரியாதது எது என்பதைக் கற்பவரே கண்டுபிடித்து, உடன் வேலை செய்பவர்கள், நூல்கள், கருவிகள் ஆகியவற்றின் துணையோடு தான் தேர்ந்த முறையில் கற்று, போதுமான அளவு கற்றாயிற்றா என்று தானே சோதித்துப் பார்ப்பது. இதற்கான நேரமும் பொருளும் கொடுப்பது பணியிடத்தின் பொறுப்பு.'

நோல்ஸின் விளக்கத்தில் துணை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நான் 'துணையோடு' என்றே எழுதிவிட்டேன். வார்டில் துணையில்லாமல் கற்றதைத் தனியாகச் சோதித்துப் பார்ப்பது நோயாளிக்கு ஆபத்து. கடைசி வாக்கியமும் நோல்ஸிடம் இல்லை, கோபாலபுரத்துத் தங்கையுடையது. விளக்கத்துக்குள் சட்டம் பேசக் கூடாது என்று ஐயா சொல்வார் என்று தெரியும். இருந்தாலும் அது அங்கேயே இருக்கும். அடுத்த பக்கத்தில் போட்டால் நிர்வாகத்தில் யாரும் புரட்டிப் பார்க்க மாட்டார்கள்.

'ரெடினஸ்' பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. 'தயார்நிலை' என்றால் மழைக்காலத்தில் தீயணைப்புப் படை தயார்நிலையில் இருப்பது நினைவுக்கு வருகிறது. 'அணியம்' அழகான சொல், ஆனால் எங்கள் பிள்ளைகள் அணி, அணிகலன் என்று போய்விடுவார்கள். 'ஆயத்தம்' என்று வைத்துக்கொள்கிறேன். ஆக, அளவுகோலின் பெயர் 'தன்வழிக் கற்றல் ஆயத்த அளவுகோல்'. அதன் மூன்று பிரிவுகளுக்கும் தன்மேலாண்மை, கற்கும் விருப்பம், தன்கட்டுப்பாடு. தன்கட்டுப்பாட்டைத் 'தற்கட்டுப்பாடு' என்று திரிக்க வேண்டுமா ஐயா? எழுதினால் சரியாகத்தான் இருக்கும், வாசித்தால் நாக்குத் தட்டுகிறது. திரிக்காமல் விட்டிருக்கிறேன்.

'நர்ஸ்' என்பதா 'செவிலியர்' என்பதா என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். அட்டையில் செவிலியர், உள்ளே நர்ஸ். வார்டில் எப்படியும் சிஸ்டர், பிரதர்தான்.

அடுத்தது 'பிரிசெப்டர்'. புதிதாகச் சேர்ந்த நர்சின் கூடவே வார்டில் நின்று, கையைப் பிடித்துப் பழக்கிவிடும் மூத்த நர்ஸ். தயவுசெய்து 'வழிகாட்டி' என்று எழுதாதீர்கள். அந்தச் சொல் ஏற்கெனவே புத்தகத்துக்கும் ஆளுக்கும் சாலை போர்டுக்கும் சேர்த்து வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது.